ஆறிய மெஷினைப் பார்த்தவன்

துணி உலர்த்தும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் இருந்தது. அதில் ஒருக்களித்துப் படுத்துப் பின்பக்கத் தகட்டின் எட்டுத் திருகாணிகளையும் கழற்றுவதற்குள் மெக்கானிக்குக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா கருகிய டவலும் கையுமாகக் கதவருகே நின்றார்.

"புதுசா வேலைக்கு வந்தவ இன்னைக்கு லீவு. நானே துணியப் போட்டு, நானேதான் பட்டனை அமுக்கினேன். எப்படி ஆயிருக்குன்னு பாருங்க!"

அவன் டவலைப் பார்த்தான். சென்ற மாதம் இதே வீட்டில் ஏழு வெள்ளைச் சட்டைகள் இதே நிறத்தில்தான் கிடந்தன. அப்போதும் வந்து பார்த்தவன் இவனேதான். அன்றைக்கு அவன் பார்க்க வேண்டியிருந்தது ஒன்பது வீடு. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் மாதிரி வந்து, சூட்டை அளக்கிற சென்சாரை மீட்டரில் வைத்தான். பத்தாயிரம் ஓம் காட்டியது. காட்ட வேண்டியதும் அதுதான். "மெஷினில் குறையில்லை, தவறான பயன்பாடு" என்று தாளில் எழுதி நீட்டிவிட்டு நடையைக் கட்டினான்.

பக்கத்தில் நின்ற வேலைக்கார அக்கா அன்றைக்கு மெல்லிய குரலில் சொன்னாள்: "தம்பி, கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாருங்களேன். ஓடி சூடான பிறகுதான் இது இப்படிப் பண்ணுது."

"எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று அவன் சிரித்தான்.

இப்போது புளியங்கொட்டை அளவிலிருந்த அந்தச் சென்சாரைக் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, முனையை மட்டும் அதில் முக்கினான். சூடு ஏற ஏற மீட்டரில் எண் மளமளவென்று இறங்க வேண்டும். மூன்றாயிரத்துக்காவது வர வேண்டும். ஒன்பதாயிரத்தில் போய் அசையாமல் நின்றது. உள்ளே துணி வெந்துகொண்டிருந்தாலும், இன்னும் சூடே ஆகவில்லை என்றுதான் இது மெஷினுக்குச் சொல்லும். மெஷினும் நம்பி மேலும் மேலும் காய்ச்சும். ஆறிக்கிடந்த மெஷினில் அளந்துவிட்டு ஒரு மனுஷியின் தலையில் பழியைப் போட்டோமே என்று அவனுக்குக் காது மடல் வரைக்கும் கூசியது.

"அம்மா, போன தடவை நான்தான் சரியா பாக்கல. அந்த அக்கா மேல தப்பே இல்ல."

"அப்படியா?" வீட்டுக்கார அம்மா டவலை மடித்தார். "ஆனா அவளே ஒத்துக்கிட்டாளே. 'நான்தாம்மா தப்பா அமுக்கிட்டேன், இந்த ஒரு தடவை மன்னிச்சுக்குங்க'ன்னு ஒரே அழுகை. செய்யாதவ எதுக்கு ஒத்துக்கணும்?"

"வேலை போயிடும்னு பயந்திருப்பாங்கம்மா. திரும்பக் கூப்பிடலாமே?"

"வேற ஆள் போட்டாச்சே. புதுசா வந்தவளை எந்த முகத்தோட போகச் சொல்றது?" என்றவர், "இந்த சென்சார் வாரண்டியில வருமா?" என்று கேட்டார்.

வந்தது. புதிதை மாட்டி, ஒரு மணி நேரம் ஓட விட்டு, கூடவே உட்கார்ந்து பார்த்தான். தாளில் "சென்சார் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினான். வாய்க்கு வந்த தைரியம் கைக்கு வரவில்லை. ஆறு வருஷம் வேலை செய்தவளின் வீடு எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கீழே வாட்ச்மேன்தான் வழி சொன்னார்.

அக்கா வாசலில் ஒரு மூட்டைப் பூண்டைக் கொட்டி வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஹோட்டலுக்காம். நகக்கண்ணெல்லாம் வெந்து சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அக்கா, அது மெஷின் கோளாறுதான். நான்தான் அன்னைக்கு அவசரத்துல தப்பா சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் தப்பா அமுக்கலையா?" என்றாள். "விவரம் தெரிஞ்ச ஆளு, நீங்க பாத்துட்டுச் சொன்னீங்க. முதல்ல பயந்துதான் ஒத்துக்கிட்டேன். அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சா, நிஜமாவே நான்தான் கை தவறி அமுக்கிட்டேனோன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு தம்பி."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்கா. ஆனா..."

ஆனாவை அவள் கேட்கவில்லை. மடியிலிருந்த தோலை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. "பூண்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, அம்மா கூப்பிட்டுட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்தாள். கொடுத்த குரலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் தன் வண்டியருகே போய் நின்றான். என்ன சொல்வதென்று நாலு விதமாக யோசித்தான், நாலும் வாய்க்குள்ளேயே நின்றன.

சலவைச் சேலை கட்டி, தலைவாரி, ஈரக் கையைத் துடைத்தபடி அக்கா வந்தாள். பின்சீட்டில் இருந்த அவனுடைய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"போலாம் தம்பி," என்றாள்.