வளையம் வராத கிளி

கிளியின் கழுத்தில் வளையம் வரவில்லை என்பதை அவள் கவனித்து ரொம்ப நாளாகிவிட்டது. சொன்னால் வீட்டில் அதுவும் ஒரு பேச்சாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனே கூண்டுக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"இது பொட்டை. ஆணா இருந்தா இந்நேரம் கழுத்துல சிவப்பா வளையம் வந்திருக்கணும். கடைக்காரன் நல்லா தலையில கட்டிட்டான். பொட்டை பேசாதாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான். ஒருத்தர் மட்டும் ரெண்டும் பேசும், பொட்டைக்கு மனசு வரணும்னார்."

"எனக்கே பேச மனசு வரல," என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கிளி வந்ததே மகனுக்காகத்தான். அவனுக்கு நாலு வயது முடியப்போகிறது, அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது, பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். இருந்தார்கள். ஏசி ரிப்பேருக்குப் போன ஏதோ ஒரு வீட்டில், வருகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும் கிளியைப் பார்த்துவிட்டு, அதைக் கேட்டால் பையனுக்கும் பேச்சு வந்துவிடும் என்று கணவன் இதை வாங்கி வந்தான். பேசாத வாய் இரண்டானதுதான் மிச்சம்.

வரும்போதெல்லாம் நாத்தனார் ஆறுதல் சொல்லாமல் போகமாட்டாள். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க. என் தம்பியும் அப்படித்தான். இப்ப பாரு, மூடவே மாட்டேங்கிறான்." ஆக, பையன் பேசாததற்குக் காரணம் அவன் ஆண், கிளி பேசாததற்குக் காரணம் அது பெண். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காரணம் தயாராக இருந்தது. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க நின்றபடி, அடுத்தவர் வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிற வேலை. டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு கையையும் ஒருவர் வாய்க்குள் விட்டுக்கொண்டு, "பசங்க என்ன படிக்கிறாங்க?" என்று கேட்பார். பாவம், அவர்கள் எதைச் சொல்வார்கள்? அதனால் நாற்காலியில் சாய்ந்த உடனே அவள் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவோம்." அப்புறம் அவள் கண் அந்தக் கையை விட்டு நகராது. விரல் லேசாக எழும்பினாலே டாக்டரின் தோளைத் தொட்டுவிடுவாள். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நாட்களில் அவனும் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வேலை ஆரம்பம். அவனை எதிரே உட்கார வைத்து, "சொல்லு கண்ணு, சொல்லு. அம்மா சொல்லு." ஆப்பிளைக் காட்டி, செருப்பைக் காட்டி, கிளியைக் காட்டி, சொல்லு, சொல்லு. கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு கையைத் தூக்குவான். தூக்கிக்கொள்ளச் சொல்கிறான் என்று அவள் வாரி எடுத்தால் வழுக்கி இறங்கிக் கூண்டருகே போய் உட்கார்ந்துவிடுவான். அது ஒருக்களித்துப் பார்க்கும். இவனும் ஒருக்களித்துப் பார்ப்பான். அவனிடம் எதையும் சொல்லச் சொல்லாத ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கணவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "கடைக்குப் போய் ஆண் இருக்கான்னு பாத்துட்டு போன் பண்றேன். இருந்தா, இதக் குடுத்துட்டு அத எடுத்துட்டு வந்துடலாம்."

"அவன் இதோட பழகிட்டான்ங்க."

"புதுசு வந்தா அதோட பழகிடுவான். நான் போன் பண்றதுக்குள்ள ஒரு வார்த்த பேசினா, இது தப்பிச்சுது."

அவன் போனபின் அவள் கூண்டருகே போய் நின்றாள். தரையில் பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த இடம் காலியாகிவிட்டால் இவன் எங்கே போய் உட்காருவான்? "ஏதாவது பேசித் தொலையேன்," என்று கிளியிடம் சொல்லிவிட்டு, துணி மடிக்க உள்ளே போனாள்.

பாதி துணிகூட மடித்திருக்கமாட்டாள்.

"சொல்லு கண்ணு. சொல்லு."

அவள் குரல். அச்சு அசலாக அவளேதான். அந்தக் குரலில் இருந்த அலுப்பும், அதன் அடியில் இருந்த கெஞ்சலும் வெளியிலிருந்து கேட்டபோது அவளுக்கே தாங்கவில்லை. இதையா தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்? கையில் இருந்த துண்டோடு கதவருகே வந்தாள்.

கிளி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தது. "சொல்லு கண்ணு. அம்மா சொல்லு."

பையன் அதையே பார்த்தான். பிறகு இடது கையைத் தூக்கினான். யாரும் தூக்கிக்கொள்வதற்காக அல்ல. உடம்பு அசையாமல், முழங்கை மடங்கியபடி, நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் தூக்குவதைப் போல.

எத்தனையோ பேர் கையைக் கண் கொட்டாமல் பார்த்தவள். இந்தக் கை தினமும் தன் கண்ணெதிரே எழுந்ததே, ஒருநாள்கூட அவள் நிறுத்தவில்லையே.

போன் அடித்தது.

"ஆண் இருக்கு. கழுத்துல வளையம் பளிச்சுனு இருக்கு. அது ஏதாவது பேசுச்சா?"

கூண்டுக்குள்ளிருந்து மறுபடி அந்தக் குரல் வரப்போகிறது என்று பயந்து போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பேசியது என்றால் கிளி தப்பித்துவிடும். ஆனால் அவன் ஓடிவந்து, அதையே திரும்பத் திரும்பப் பையன் முன்னால் சொல்ல வைப்பான்.

"பேசல," என்றாள். "பரவாயில்ல. பேசாட்டி போகுது. இருக்கட்டும், வந்துடுங்க."

"என்ன சொல்ற நீ?"

"வந்துடுங்க."

போனை வைத்துவிட்டுப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் கை இன்னும் இறங்கவில்லை.

"சொல்லு கண்ணு," என்றது கிளி.

அவளும் இடது கையைத் தூக்கினாள். கிளி தலையைச் சாய்த்து முதலில் சின்னக் கையைப் பார்த்தது, பிறகு பெரிய கையைப் பார்த்தது.