சலவைக்குப் போன வெள்ளிக்காசுகள்

திங்கட்கிழமை காலையில் ஆர்லோவின் பைகளைப் பார்த்தாலே மார்லிஸுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். காசு போட்டால் துவைக்கும் சலவைக்கடை அந்த ஊரில் ஆர்லோவுடையது ஒன்றுதான். வாரம் முழுக்க மெஷின்களில் விழுந்த கால் டாலர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, புழுதி படிந்த பூட்ஸோடு வங்கிக்குள் வருவான். கவுன்ட்டரில் இருக்கும் மார்லிஸ் அவற்றைக் காசு எண்ணும் மெஷினில் கொட்டுவாள். அது கடகடவென்று விழுங்கிவிட்டு, பிடிக்காததையெல்லாம் பக்கத்துத் தட்டில் துப்பும். கனடா காசைத் துப்பும், சட்டைப் பொத்தானைத் துப்பும், ஒரு தடவை யாருடையதோ கடைவாய்ப் பல்லைத் துப்பியது. நல்ல வெள்ளிக்காசு வந்தாலும் கள்ளக்காசைப் போலத் துப்பிவிடும். என்ன அறிவோ போங்கள்!

1964-க்குப் பிறகு வந்த கால் டாலரில் வெள்ளி கிடையாது. அந்த வருஷம்வரை வந்தது ஒன்று கிடைத்தால் ஐந்தாறு டாலராவது பெறும். அந்த வங்கியில் கவுன்ட்டர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் ரசீது வாங்கிக்கொண்டு போனபிறகு, தன் சொந்தக் கால் டாலரைக் கல்லாவில் போட்டுவிட்டு வெள்ளிக்காசை எடுத்துக்கொள்ளலாம். கல்லாவில் ஒரு சென்ட் குறையாது. மேலாளரே தலையாட்டியதுதான். யாருக்கும் நஷ்டமில்லை என்று மார்லிஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து சொல்லி வந்தாள்.

வீட்டில் அவளிடம் நீல அட்டை போட்ட ஆல்பம் ஒன்று இருந்தது. வருஷவாரியாக, காசு அடித்த ஆலைவாரியாக வட்ட வட்டக் குழிகள். எல்லாவற்றையும் கல்லாவிலிருந்தே நிரப்பியிருந்தாள். கடையில் விலைக்கு வாங்கினால் அது ஒரு வீரமா என்று கேட்பாள். இரண்டே குழிகள்தான் காலி. இரண்டும் 1932. ஒன்றில் டி என்ற ஆலை எழுத்துள்ள காசு வரவேண்டும், இன்னொன்றில் எஸ். கல்லாவில் அதெல்லாம் வராது, செத்தாலும் வராது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கட்டைவிரலால் அந்தக் குழிகளைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

அந்த வசந்தத்தில்தான் ஆர்லோவின் பைகளிலிருந்து வெள்ளி கொட்டத் தொடங்கியது. முதல் வாரம் 64, 63 வருஷத்துக் காசுகள். அடுத்த வாரம் 62, 61. எதிலும் அழுக்கில்லை, தேய்மானமில்லை. ஜூன் மாதம் ஐம்பதுகளைத் தாண்டியபோதுதான் மார்லிஸுக்கு உறைத்தது. யாரோ ஓர் ஆல்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிதுக்கிப் பிதுக்கித் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் பிறந்து தட்டில் 36 வந்து விழுந்ததும் அவள் எண்ணும் மெஷினையே நிறுத்திவிட்டாள். முதல் பக்கத்தின் முதல் வரிசையில் என்ன இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"பொறுத்துக்கோடி" என்றாள் பக்கத்துக் கவுன்ட்டர் ஜோலீன். "இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம். தானா வந்து உன் மடியில விழும்."

"யாரோடதுன்னு தெரியலையே."

"யாரோடதா இருந்தா என்ன? அவங்க ஆர்லோ மெஷின்ல போட்டாங்க, துணி வெளுத்துச்சு. ஆர்லோ நம்மகிட்ட போட்டான், ரசீது வாங்கினான். நீ காசு வச்சு எடுக்கப்போற. இதுல எவன் வயித்துல அடிச்ச நீ? அந்த ஆளு நம்ம வாடிக்கையாளர்கூட இல்லடி."

"இத்தனை வருஷமும் தட்டுல விழுந்தப்புறம்தான் எனக்குத் தெரியும், ஜோலீன். இது வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியுதே."

"மழை வரும்னு தெரிஞ்சவன் குடை விக்கக்கூடாதா?"

"குடை விக்கலாம். நான் அவங்க குடையையே இல்ல வாங்கிக்கப் பாக்கறேன்."

"உனக்கு மெனோபாஸ்டி" என்று முடித்துவிட்டாள் ஜோலீன்.

சும்மா இருந்தால் போதும், காசு வந்துவிடும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அதுதான் மார்லிஸைத் தூங்கவிடாமல் செய்தது. வெள்ளிக்கிழமை அந்தக் குழிகளைத் தடவப் போனவள், விரலைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள். "சீ, என்ன பொழப்பு இது" என்று வாய்விட்டே சொன்னாள். சனிக்கிழமை துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளையே மறுபடி கூடையில் அடைத்துக்கொண்டு, அடியில் காபி டப்பா ஒன்றையும் வைத்துக்கொண்டு சலவைக்கடைக்குக் கிளம்பினாள்.

"உன் வீட்டு மெஷின் மண்டையப் போட்டுடுச்சா?" என்றான் ஆர்லோ, எட்டிப் பார்த்து. "இது ஏற்கெனவே பளிச்சுனுதானே இருக்கு?"

"உன் மெஷின் எப்படித் துவைக்குதுன்னு பாக்க வந்தேன். போய் வேலையப் பாரு."

மத்தியானம் போய்க் கூட்டம் கலைந்தது. ஒவ்வொருவர் போடும் காசையும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்த மார்லிஸுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில், முதியோர் இல்லத்துச் சீருடை போட்ட ஒரு பெண் இரட்டைப் பையன்களோடு உள்ளே வந்தாள். இருவரும் காலியான உலர்த்தும் மெஷினுக்குள் தலையை விட்டுக் கத்தினார்கள். அவள் அழுக்குத் துணியைத் திணித்துவிட்டுப் பையிலிருந்து நீல அட்டை ஆல்பம் ஒன்றை எடுத்தாள். பட்டாணி உரிப்பதுபோலக் கட்டைவிரலால் காசுகளைப் பிதுக்கி, மெஷினின் காசுத் தகட்டில் இருந்த பிளவுகளில் வரிசையாக நிற்க வைத்தாள். இனி தகட்டை உள்ளே தள்ளவேண்டியதுதான் பாக்கி.

மார்லிஸ் ஓடிப்போய்த் தகட்டின்மேல் கையை வைத்தாள்.

"ஏங்க! என்ன பண்றீங்க?"

"தள்ளாதம்மா. கடவுளே, தள்ளாத. ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு."

"இது என் காசுங்க. திருட்டுக்காசு ஒண்ணும் இல்ல. எங்கப்பனோடது."

அவள் பெயர் ஷெல்பி. அப்பா போன குளிர்காலத்தில் இறந்திருந்தார். மகளுக்கு அவர் விட்டுப் போனது கடனடைந்த பழைய டிரக்கும் இந்த ஆல்பமும். "ஐஸ்கிரீம் வண்டி மணியடிச்சா ஜன்னலச் சாத்திடுவாரு எங்கப்பா. ஒரு கால் டாலர் கேட்டு அழுதிருக்கேன். இல்லவே இல்லைன்னாரு. இங்க பாத்தா அட்டை நெறைய அடுக்கி வச்சிருக்காரு! இப்ப அவரு காசுல என் பசங்க ஜட்டி வெளுக்குது. ஒவ்வொண்ணாத் தள்ளும்போது எனக்கு எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு தெரியுமா? நீங்க வந்து கையை வைக்கிறீங்க."

"நல்லாத் தள்ளு. வேற காசு போட்டுத் தள்ளு. இது ரெண்டையும் பாரு." மார்லிஸ் தகட்டிலிருந்து இரண்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்து இலைமாலைக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவற்றைத் தொடுகிறாள். "இந்த டி இருக்கே, இது மட்டும் முந்நூறு டாலர் போகும். இந்த எஸ் நூறுக்கு மேல. மத்தது ஒவ்வொண்ணும் அஞ்சாறு டாலர்."

ஷெல்பி மெஷினில் சாய்ந்துகொண்டாள். "அப்ப இத்தனை மாசமாப் போனதெல்லாம்?"

"என்கிட்ட இருக்கு."

"உங்ககிட்டயா? நீங்க யாரு?"

"வங்கியில காசு எண்றவ. ஆர்லோ கொண்டாந்து கட்டுவான். என் காச வச்சுட்டு நான் எடுத்துக்குவேன்." மார்லிஸ் கூடையிலிருந்து காபி டப்பாவை எடுத்து நீட்டினாள். "இருக்கறதெல்லாம் இதுல இருக்கு. கொஞ்சத்த ஜூன்ல வித்து காருக்கு டயர் மாத்திட்டேன். அந்தப் பணம் கவர்ல இருக்கு. ஒவ்வொரு காசுக்கும் நான் குடுத்தது இருபத்தஞ்சு சென்ட். அத மட்டும் குடு, போதும்."

ஷெல்பிக்கு முகம் சிவந்தது. "நான் இங்க பத்து பத்து சென்ட்டாப் பொறுக்கறேன், நீங்க அங்க உக்காந்து அள்ளிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா." மார்லிஸ் டப்பாவை ஷெல்பியின் கையில் திணித்தாள். வழக்கம், மேலாளர், ரசீது எதையும் இந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே இழுக்கவில்லை.

ஷெல்பி டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். "வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்த ரெண்டும் திங்கட்கிழமை உங்ககிட்ட வந்திருக்குமே."

"வந்திருக்கும். அதான் ஓடி வந்தேன்."

பையன்களில் ஒருவன் உலர்த்தும் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டு அலறினான். இருவருமாகச் சேர்ந்து அவனை இழுத்தார்கள். அவன் ஒற்றைச் செருப்போடு வெளியே வந்ததும் ஷெல்பிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. "பாவி மனுஷன். ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செத்திருக்கலாம்ல?" என்று சீருடைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மார்லிஸ் தன் பணப்பையிலிருந்து சாதாரணக் கால் டாலர்களை எடுத்துத் தகட்டில் நிற்க வைத்தாள். ஷெல்பி அதைப் படாரென்று உள்ளே தள்ளினாள்.

செப்டம்பரில் ஒரு நாள் ஷெல்பி வங்கிக்கு வந்தாள். ஆர்லோவும் தன் பைகளோடு வரிசையில் நின்றான். அவள் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: "டி-யை வித்துட்டேன். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்கியாச்சு. பழசுதான், ஓடறப்ப சமையலறை முழுக்க நடக்குது. ஆர்லோகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

பையன்கள் பேரில் கணக்குத் தொடங்கவேண்டும் என்று பணத்தை எடுத்து வைத்தாள். வைத்த பணத்தின்மேல் கடைசியாக ஒரு காசையும் வைத்தாள். மார்லிஸ் அதைத் திருப்பிப் பார்க்கவே தேவையில்லை.

"இது எஸ்."

"தெரியும். இருபத்தஞ்சு சென்ட்னு வரவு வச்சுக்கோங்க."

"ஏய், இது நூறு டாலருக்கு மேலன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"நீங்க சொல்லித்தானே தெரியும். தெரிஞ்சுதான் கட்டறேன். செல்லுபடியாகற காசுங்க, வாங்கமாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கா?"

பக்கத்துக் கவுன்ட்டரில் ஜோலீன் நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினாள். மார்லிஸ் ரசீதைப் போட்டு நீட்டினாள். ஷெல்பி அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"முடிஞ்சுதும்மா" என்றாள் மார்லிஸ்.

"நீங்க இன்னும் எடுக்கலையே."

"வாடிக்கையாளர் போனப்புறம்தான் எடுக்கணும். அதான் இங்க வழக்கம்."

"நான் போகமாட்டேன். என் கண்ணெதிர எடுங்க."

மார்லிஸ் பணப்பையைத் துழாவினாள். நேரம் பார்த்து அதில் ஒரு சல்லிகூட இல்லை. "ஜோலீன், ஒரு கால் டாலர் கடனாக் குடுடி" என்றாள். ஜோலீன் காசை உருட்டிவிட்டாள். மார்லிஸ் அதை எல்லோரும் பார்க்கக் கல்லாவில் போட்டாள். பிறகு, ஷெல்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த எஸ் காசை எடுத்தாள்.