குதிகால் பிடித்த கை

குதிகால் பூட்டுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. மற்ற பிடிகளெல்லாம் முதலில் வலிக்கும், பிறகு உடைக்கும். இது முதலில் உடைத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக வலிக்கும். எதிராளியின் பாதத்தை அக்குளில் செருகி, குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டி, அவள் தொடையைக் கால்களால் இறுக்கிக்கொண்டு திருப்பினால், திரும்புவது பாதம், அறுவது முழங்கால். அதனால்தான் மல்யுத்தக் கூடத்து கோச் அந்தப் பாடத்தைத் தொடங்கிய அன்றே தொண்டை கிழியக் கத்தினார்.

"பிடிச்சவங்க திருப்பாதீங்க, பிடிச்சதோட நில்லுங்க. மாட்டினவங்க வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க, மாட்டினதுமே தோத்துட்டேன்னு மெத்தையில தட்டிடுங்க. இதுல வீரம் காட்டினா நேரா ஆஸ்பத்திரிதான்."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு நாத்தனாரும் ஒரு அண்ணியும் இருந்தார்கள். நாத்தனார் செல்போன் பழுது பார்ப்பவள். கூடத்தில் அவளுக்குத் திருப்புளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அண்ணி நகரப் பேருந்து ஓட்டுநர். ஊர் உலகத்தில் நாத்தனாரும் அண்ணியும் வாயால் செய்துகொள்வதை இவர்கள் மெத்தை விரித்து, விதிமுறைப்படி செய்கிறார்கள் என்று அண்ணன் கேலி பேசுவான். இரண்டு வருடத்தில் திருப்புளி ஒரு தடவைகூட அண்ணியை ஜெயித்ததில்லை. அண்ணிக்கு மீசை இல்லையே தவிர, விழுந்தாலும் மண் ஒட்டாத ரகம்.

அந்தச் சனிக்கிழமை அண்ணியின் இடது குதிகால் திருப்புளியின் முழங்கையில் வசமாக மாட்டியது. அண்ணி தட்டவில்லை. "எனக்கு வலிக்கவே இல்லடி" என்று சிரித்தபடி, இடுப்பை அசைத்து வெளியேற வழி தேடினாள்.

சின்னத் திருகாணியை இறுக்கும்போது, இதற்கு மேல் போனால் மரை போய்விடும் என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பதினொரு வருடத் தொழிலில் திருப்புளி ஒரு மரையைக்கூடக் கெடுத்ததில்லை. அந்த முழங்காலிலும் அப்படி ஓர் இடம் வந்தது. போதும் என்று விரல் சொன்னது. ஒரே ஒரு தடவை இவள் எனக்குத் தட்டட்டுமே என்று மனசு சொன்னது. அவள் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அண்ணி அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

ஜவ்வு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று, ஏழு மாதமும் போயிற்று. பணிமனையில் அண்ணியைத் தொலைந்த பொருள்கள் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் சீட்டு ஒட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே தன் பழைய வண்டி வேறொருவர் கையில் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பழி மட்டும் திருப்புளி பக்கமே வரவில்லை. தட்டாதது அவங்க தப்பு என்று கூடமே ஒரே குரலில் சொன்னது. கோச் புது ஆட்களுக்கு அதையே எச்சரிக்கைக் கதையாகச் சொல்லத் தொடங்கினார். அண்ணியே, "எல்லாம் என் கொழுப்பு, நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருக்க?" என்று இவளைத் தேற்றுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். திருப்புளிக்கு அந்தக் குறுகுறுப்பு உள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியின் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தாள். அதே குதிகாலை, அதே கையால்.

வியாழக்கிழமை மருத்துவச் சோதனை. கிளட்ச் மிதிக்க அந்தக் கால் இனி லாயக்கில்லை, ஓட்டுநர் வேலை கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி தரையில் படுத்து வழக்கம்போல் காலை நீட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன. திருப்புளி குதிகாலைக் கையில் ஏந்தினாள். மடக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அண்ணி, அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"இதுக்கு மேல திருப்பினா போயிடும்னு கையில தெரிஞ்சுது. நீங்க தட்டணும்னு ஆசையா இருந்துச்சு. தெரிஞ்சேதான் திருப்பினேன்."

அண்ணி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். திருப்புளி திட்டுக்காகக் காத்திருந்தாள். ஓர் அறை விழுந்தால்கூட நல்லது என்று தோன்றியது. ஏழு மாதமாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த லேசு அவளுக்கு வந்தும்விட்டது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இதை ஏன்டி என்கிட்ட சொன்ன?" அண்ணியின் குரலில் கோபமே இல்லை. "என் திமிருக்குக் கிடைச்சதுன்னு நெனச்சேன். என்னை நானே திட்டிக்கிட்டேன். அப்படி நெனச்சுதான் நேத்து ராத்திரியைக்கூடத் தாண்டினேன். இனிமே நான் எதை நெனச்சுக்கிட்டுத் தூங்கறது?"

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"உனக்குப் பாரம் இறங்கிடுச்சு இல்ல?"



அண்ணி எழுந்து உட்கார்ந்து, தன் குதிகாலை அவள் கையிலிருந்து இரண்டு கைகளாலும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம். உங்கண்ணனையே பிடிச்சுவிடச் சொல்லிக்கறேன்."