பக்கத்தில் ஓர் ஆள் இடம்

“இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு. பக்கத்துல ஓர் ஆள் நிக்கற அளவுக்கு இடம் விடு.”

“யாருக்காம் அந்த இடம்?”

“படத்துக்கு அதான் அழகு.”

“அந்த ஆள் வரவே மாட்டாரா?”

“நான் வந்தா யாரு எடுக்கறது?”

மனைவியும் கணவரும் இப்படிப் பேசி முப்பத்தோரு வருடம் ஆகிறது. அவர் தோளில் பெரிய வீடியோ கேமரா, அவள் எதிரே வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வந்து நில்லுங்கள் என்று நேராக ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்டால் பழைய பதிலே வரும் என்று தெரிந்ததால் சொன்ன இடத்தில் நின்றாள், இடம் விட்டாள், சிரித்தாள். அவர் காலமாகி நாலு வருடம் கழித்து, இருபத்து மூன்று கேசட்டுகளை இரண்டு பைகளில் சுமந்துகொண்டு, மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த கேசட்காரரிடம் போனாள். எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றி அனுப்பச் சொல்லி வெளிநாட்டிலிருந்து மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையில் மழையில் எடுத்த டேப்பை ஓட்டினால் கடைக்குள் மழை பெய்யும். கேசட்காரர் இதை மதிய விடுமுறை நேரத்தைச் சொல்வது போலச் சொல்லி, மழை டேப் இருந்தால் முன்னாடியே தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். வாளி வைக்க வேண்டும். ஒருமுறை யாரோ கடற்கரை டேப் கொடுத்துவிட்டு இரண்டு நாள் மணல் வாரினாராம். லென்ஸுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் வெளியே வரும், பின்னால் இருப்பது ஒருநாளும் வந்ததில்லை. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதில் குறுக்குவழி கிடையாது. இவளுடைய கேசட்டுகளில் பூஞ்சை ஏறியிருந்ததால் ஒரே ஓட்டம்தான் தாங்கும். ஓடி முடிந்ததும் படம் கறுப்புப் பொடியாக உதிர்ந்து டேப் கண்ணாடி போல ஆகிவிடும்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் வந்து உட்கார்ந்தாள். மகள் நடை பழகிய டேப் ஓடியபோது கடைத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரப் பாதங்கள் ஏழு விழுந்தன. பள்ளி விளையாட்டு விழா டேப்பில் புழுதி கிளம்பி இருவரும் இருமினார்கள். எதிலும் அவர் இல்லை. குரல் இருந்தது, இருமல் இருந்தது, “சிரி, காசா கேக்கறேன்” என்கிற அதட்டல் இருந்தது. படத்தில் அவளும், அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடமும். காலியாக இருப்பதை எல்லாம் வெட்டிவிட்டால் படம் எடுப்பாக இருக்கும் என்று மகள் எழுதியிருந்தாள். கேசட்காரரும் எடிட்டிங்கில் அது ஒரு நிமிட வேலை என்றார். அது இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஏழாவது டேப்பில் கேசட்காரர் தும்மினார். திரைக்குள் கேமரா லேசாக ஆடியது. கணவரின் குரல், “யாரு அது?” என்று கேட்டது. கேசட்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இங்கே பேசுவது அங்கே கேட்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டதாக வருத்தப்பட்டார். அதன் பிறகு பதினைந்து டேப்புகள் ஓடின. ஒவ்வொன்றிலும் பேசிவிட வேண்டும் என்றே வந்தாள், டேப் ஓடி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள். கணவரோடு பேச அவளுக்கு முகமில்லை. காரணம் கடைசி கேசட்டில் இருந்தது.

மகள் ஒன்பது வயதில் ஒரே ஒருமுறை அப்பாவிடமிருந்து கேமராவைப் பிடுங்கித் தானே எடுத்தாள். அன்று அவர் வேறு வழியில்லாமல் வந்து அந்த இடத்தில் நின்றார். இரண்டு வருடம் கழித்து இவள், சீரியலின் கடைசிப் பகுதியைப் பார்க்க முடியாமல் வெளியே போக வேண்டியிருந்த அவசரத்தில், கைக்குக் கிடைத்த கேசட்டைச் சொருகி அதன் மேலேயே பதிவு செய்துவிட்டாள். படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் அவர் இரண்டு தடவை கேட்டார்.

“நான் இருக்கற கேசட் எங்க?”

“இங்கதான் இருக்கும். எங்க போயிடப் போகுது?”

இரண்டு தடவையும் அதே பதில்தான் சொன்னாள்.

சீரியல் முடிந்த இடத்துக்கு அப்பால் அவர் நிற்கும் துண்டு கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்பதுதான் அவளுடைய நப்பாசை. கேசட்காரர் டேப்பைப் பிரித்து, நசுங்கிப்போன வால் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சீரியலுக்குப் பிறகு ஒரு நிமிடம் தேறும் என்றார். கதாநாயகி அழத் தொடங்கியதும் மேஜை விளிம்பிலிருந்து கண்ணீர் சொட்டியது. அவள் வாளியைப் பக்கத்தில் இழுத்தாள்.

“சீரியல் அழுகைக்கெல்லாம் வாளி எதுக்குங்க? துணியே போதும்,” என்று துடைத்தார்.

பெயர்கள் ஓடி முடிந்தன. திரை நடுங்கியது. ஒரு கை வந்து லென்ஸை மூடியது. கடைக்குள்ளும் ஒரு நொடி இருட்டியது. “போதும், கொடு” என்றது அவர் குரல். வெளிச்சம் வந்தபோது கேமரா அவர் தோளுக்குத் திரும்பியிருந்தது. அவர் நின்ற நேரம் முழுவதையும் சீரியல் தின்றுவிட்டிருந்தது. திரையில் முப்பத்திரண்டு வயது அவள், பக்கத்தில் காலி இடம்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு.”

அவள் தள்ளி நின்றாள். இங்கே முக்காலியில் இருந்தவளும் எழுந்து நின்றாள். முக்கால் நிமிடம்தான் இருக்கிறது என்று கேசட்காரர் விரலால் காட்டினார். பிறகு, மழை டேப்புக்கு வாளி வைக்கும் அதே நிதானத்தில், இப்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து அப்பால் வைத்தார். லென்ஸுக்குப் பின்னாலிருந்து எதுவும் வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடமானது.

“அந்தக் கேசட்டை நான்தான் அழிச்சேன்,” என்றாள்.

கேமரா ஆடியது. “யாரு அது?”

“நான்தான்.”

“நீ அங்க நிக்கறியே. சரி, சிரி. நான் எடுக்கறேன்.”

“யாரும் எடுக்க வேணாங்க. அதைக் கீழ வச்சுட்டு, நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க.”