இழுவை

வண்டியின் இழுவையை நானே வீட்டில் வைத்துக் கூட்டியதிலிருந்து, வண்டி எந்த ஊருக்கும் போவதில்லை. ஊர்கள்தான் வண்டிக்கு வருகின்றன.

நான் உடுமலைப்பேட்டையில் டிராயிங் மாஸ்டர். என் மனைவி அம்சவேணி வால்பாறையில் நர்ஸ். ஞாயிறுதோறும் காரில் அவளைப் பார்க்கக் கிளம்புவேன். மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்; ஒன்பதாவதிலேயே வண்டி இழுக்காமல் நின்றுவிடும். அவள் டிபன் கேரியரோடு பஸ்ஸில் அதுவரை இறங்கி வருவாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பிறகு அவள் மேலே, நான் கீழே. மூன்று வருஷம் இப்படி. கட்டிய மனைவியோடு சாப்பிடும்போது குரங்குக்குப் பங்கு வைக்க யாருக்குப் பிடிக்கும்? எனக்கு வெறுத்துவிட்டது.

பொள்ளாச்சி மெக்கானிக் இஸ்மாயிலிடம் விட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். ஆகவே நானே கார்புரேட்டரின் ஜெட்டை ஊசியால் பெரிதாக்கினேன். ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்தேன். மாவு கிரைண்டரின் பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டினேன். எல்லாம் பூட்டி முடித்தபின் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் கியரில் முக்கு டீக்கடை கேட்டுக்கு வந்தது. டீக்கடை ஆறுச்சாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயை என்னிடமே நீட்டினார். இரண்டாவது கியரில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வந்தது. ரிவர்ஸ் விழவில்லை. பின்னால் சுவர் வேறு.

பஸ் ஸ்டாண்டோடு இஸ்மாயிலும் வந்திருந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இழுவையக் கூட்டுனீங்க, சரி. யாரு யாரை இழுக்கறதுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே சார்."

மிஞ்சிய ஸ்பிரிங் இழுத்ததைத் திருப்பி விடுவதற்கானதாம். மாட்ட வேண்டுமானால் இன்ஜினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வந்த ஊரெல்லாம் விட்ட வேகத்தில் திரும்பிப் போய் எங்கே விழும் என்று சொல்ல முடியாதாம். மலையை மட்டும் இழுக்க வேண்டாம் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் கால் சும்மா இருக்குமா? மூன்றாவது கியரைப் போட்டேன்.

ஆழியாறு அணை தளும்பாமல் வந்தது. அப்புறம் வளைவுகள். நாற்பதும் முறுக்குப் பிழிந்தது போல வாசலில் விழுந்தன. கடைசியில் வால்பாறை வந்தது, ஆஸ்பத்திரியோடு. அம்சவேணி மட்டும் அதில் இல்லை. ஞாயிறு என்பதால் அவள் ஆறரை மணி பஸ்ஸில் ஒன்பதாவது வளைவுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள்.

பஸ்ஸின் வேகத்தோடு ரோட்டின் வேகமும் சேர்ந்துகொண்டது. பிரேக் பஸ்ஸின் வேகத்தைத்தான் பிடிக்கும், ரோட்டின் வேகத்தைப் பிடிக்காது. என் கண்முன்னே பஸ் கேட்டைத் தாண்டி, சந்து வழியாக, கிழக்கே போய்விட்டது. ஜன்னலில் கேரியர் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கால் மட்டும் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏனுங்க, பழனி தாண்டிட்டோம். பஸ்ஸு நிக்க மாட்டேங்குது."

கிழக்கை இழுக்க என் வண்டிக்கு வழியில்லை. அது மேற்கே பார்த்து நிற்கிறது. மேற்கையே விடாமல் இழுத்தால், உலகம் உருண்டை என்பதால், அவளும் ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்துதானே ஆக வேண்டும்? அவளிடம் சொன்னேன்.

"அப்ப தயிர் புளிக்கறதுக்குள்ள இழுங்க" என்றாள்.

அன்றிலிருந்து காலை எடுக்கவில்லை. சாலக்குடி செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை கடல் வந்தது; ஆறுச்சாமி பெஞ்சைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அதற்குப் பின் வந்த ஊர்களின் பெயர்ப் பலகைகளை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தூக்கம் இல்லை. உள்ளங்கால் எரிகிறது. பஸ் வந்தாலும் நிற்காது என்று இஸ்மாயில் தினமும் ஒருமுறை நினைவுபடுத்துகிறார்.

இன்று ஞாயிறு. ஒன்பதே முக்காலுக்கு மேற்கிலிருந்து ஹாரன் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். அவளும் நீட்டியிருந்தாள். அவள் விரல் பட்டது. கேரியரின் மேலடுக்கு என் கைக்கு வந்தது. மீதியோடு பஸ் கிழக்கே போய்விட்டது.

தயிர்சாதம். நன்றாகப் புளித்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். ஆறுச்சாமியிடம் தண்ணீர் வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே அடுக்கைக் கழுவி, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்க மடியில் வைத்துக்கொண்டேன்.