ஷிப்டுக்கு ஒரு குங்ஃபூ

எனக்கு நாற்பத்து நான்கு வயது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு குங்ஃபூவை உருப்படியாகக் கற்றுக்கொள்ளாமல் எதற்கு மூன்றில் தலையை விட்டாய் என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு வாரம் காலை ஆறு முதல் இரண்டு வரை. அடுத்த வாரம் இரண்டு முதல் பத்து. அதற்கடுத்த வாரம் இரவு. பிறகு முதலிலிருந்து. எல்லா வாரமும் எனக்குத் தோதான நேரத்தில் வகுப்பு வைத்திருக்கிற புண்ணியவான் இந்த ஊரில் இல்லை. அதனால் காலை ஷிப்ட் வாரத்தில், சாயங்காலம் வங்கிக் குமாஸ்தா நடத்தும் ஹுங் கார் வகைக் குங்ஃபூ பள்ளி. மதிய ஷிப்ட் வாரத்தில், விடிந்ததும் பூங்காவில் தபால்காரர் சொல்லிக்கொடுக்கும் தாய் சி. இரவு ஷிப்ட் வாரத்தில், தூங்கி எழுந்து பகல் மூன்று மணிக்கு அழகு நிலையத்தின் பின்னறையில் முடிதிருத்தும் அக்காவிடம் விங் சுன். ஆறு வருஷமாக இப்படித்தான்.

சுகமாக இருந்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்த உடம்பு எனக்கே அந்நியம். குமாஸ்தா, "குதிரை நிலையில, காலை அகட்டி நல்லா கீழ உக்காருங்க" என்று கத்துவார். உட்காரப் பழகினால், அழகு நிலையத்து அக்கா, "என்ன இது, கக்கூஸ்ல உக்கார்ற மாதிரி? எழுந்திரிங்க" என்பாள். எழுந்து விறைப்பாக நின்றால் தபால்காரர் என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் மேலம்மா இவ்வளவு கோவம்?" என்பார். முதல் இரண்டு வருஷம் ஒன்றுமே ஒட்டவில்லை. வலது முழங்கால் வீங்கியது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பச்சைக் கச்சை, நீலக் கச்சை என்று கட்டிக்கொண்டு போக, நான் மட்டும் வெள்ளையிலேயே நின்றேன்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அறிவுரை சொல்வார்.

"ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான் இருக்கணும். நீ மூணு பேரை ஏத்தி வெச்சிருக்க. வண்டி எங்க போய் முட்டும்?"

"உங்க வண்டியில எதுக்கு ரெண்டு பிரேக்கு? அதை மொதல்ல சொல்லுங்க."

மனிதர் ஒத்தடத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார்.

மூன்றாவது வருஷம்தான் இதன் பலன் வேலையிடத்தில் தெரிந்தது. ஈரப் படுக்கைவிரிப்பு மூட்டையைத் தூக்கும்போது என் கால் தானாகக் குதிரை நிலைக்குப் போனது. அதைத் தள்ளுவண்டிக்குத் திருப்பும்போது, தபால்காரர் சொன்னபடி இடுப்பு முதலில் திரும்பியது. சிக்கிக்கொள்ளும் உலர்த்திக் கதவை, அழகு நிலையத்து அக்கா காட்டியபடி முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, ஒரே தட்டில் திறந்தேன். எங்கள் கூடத்தில் நாற்பது வயதைத் தாண்டியும் முதுகு வலிக்கு இடுப்புப் பட்டை கட்டாத ஒரே பெண் நான்தான்.

ஆறாவது வருஷம் இதை முதலில் கவனித்தவள் நெட்டை. நல்ல உயரம், அதனால் அந்தப் பெயர். குனிந்து குனிந்தே அவள் முதுகு போய்விட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "எனக்கும் சொல்லிக் குடுக்கா, என் பொழப்பே இதுலதான் இருக்கு" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சேர, பத்தொன்பது பேர் ஆகிவிட்டோம்.

கண்காணிப்பாளரிடம் போய் மாடியில் காலியாகக் கிடக்கும் அறையைக் கேட்டேன். அவரும் ஒரு காலத்தில் மடிப்பு மேஜையில் பன்னிரண்டு வருஷம் நின்றவர்தான். அந்த நினைப்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் பறந்துவிட்டது.

"பயிற்சியாளர்னு சான்றிதழ் இருக்காம்மா? கொண்டு வா, அறையைத் தர்றேன். இல்லாம எவளுக்காவது கை கால் உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

சான்றிதழ் கொடுப்பது குமாஸ்தா மாஸ்டரின் பள்ளி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அதற்குள் தட்டுத்தடுமாறிக் கச்சை ஏறியிருந்த நானும் பெயர் கொடுத்தேன்.

கெட்ட நேரம், அது இரவு ஷிப்ட் வாரத்தின் கடைசி நாள். ஆறு நாளும் அழகு நிலையத்தில் பயிற்சி செய்த உடம்பு. மாஸ்டர் முன்னால் போய் நின்றேன், வணக்கம் வைத்தேன். அவர் பள்ளியில் கை முட்டியை உள்ளங்கையில் குத்தி நெஞ்சுக்கு நேராக நிறுத்த வேண்டும். என் கைகள் தம் பாட்டுக்கு முட்டியை மூடி இடுப்புக்குக் கீழே இறக்கின. அது அழகு நிலையத்து வணக்கம்.

என்னைவிடப் பத்து வயது சின்னவரான மாஸ்டர் எழுந்து வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் நிற்கும் நிலையைக் குனிந்து பார்த்தார்.

"இது யாரோட கால்?"

"என் கால் மாஸ்டர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எங்கெங்கே கற்கப் போகிறீர்கள் என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். பதிலுக்கு என்னோடு மோத, பீரோ என்று எல்லோரும் கூப்பிடும் மாணவனை இறக்கினார். ஆள் நிஜமாகவே பீரோதான்.

அவன் குத்த வந்தபோது கை நேரே பாயப் பார்த்தது, கால் உட்காரப் பார்த்தது, இடுப்பு விலகப் பார்த்தது. மூன்றும் அடித்துக்கொண்டதில் நான் மல்லாந்து விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். மூன்று முறை விழுந்தேன், மூன்று முறையும் வேறுவேறு பள்ளி சொல்லிக்கொடுத்தபடி எழுந்தேன். நான்காம் முறை அவன் தள்ளியபோது விழவில்லை. எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. பீரோ, "அக்கா, போதும்க்கா" என்று மூச்சு வாங்கினான்.

"தேறிட்டீங்க," என்றார் மாஸ்டர். "ஆனா மத்த ரெண்டையும் விட்டுட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

ஒரு பொய்தான். சொல்லிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நெட்டையின் முகம் கண் முன்னால் வந்தது, வாய்வரை அந்தப் பொய்யும் வந்தது. ஆனால் ஆறு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடியது என்னவோ திருட்டு வேலை என்பது போல நான் தலைகுனிவதா?

"என் ஷிப்ட் மாறுறப்பெல்லாம் உங்க கிளாஸ் நேரத்தை மாத்துவீங்களா மாஸ்டர்?"

"அதெப்படி முடியும்?"

"அப்ப என்னாலயும் முடியாது. நீங்க குடுத்ததும் எனக்கு வேணும், அவங்க குடுத்ததும் எனக்கு வேணும். எதையும் விடமாட்டேன்."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

ரோஷமாகப் பேசிவிட்டேனே தவிர, பஸ் ஏறியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வீம்புக்கு இன்னொருத்தி பிழைப்பைப் பலி கொடுத்துவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது. மறுநாள் நெட்டையிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அட போக்கா! அந்த மேல் அறை இல்லாட்டி பூமியில இடமே இல்லையா?" என்றாள். "ஷிப்ட் மாறுறப்போ கால் மணி நேரம் எல்லாரும் பின்வாசல்ல சும்மாதானே நிக்கிறோம்?"

இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஒரு ஷிப்ட் வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். யாருக்கு எந்த வாரமாக இருந்தாலும் அந்தக் கால் மணி நேரம் தப்பாது. தள்ளுவண்டிகள் நிறுத்தும் முற்றத்தில் ஆரம்பித்தோம். நிற்க, தூக்க, திரும்ப. அவ்வளவுதான் பாடம்.

"ஆரம்பிக்கும்போது வணக்கம் வைப்பாங்களே, நமக்கு எந்த வணக்கம்க்கா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மூன்று தெரியும், ஒன்றால் பட்டதே போதும். அதனால் நாங்கள் தினமும் செய்வதையே, விரிப்பு இல்லாமல், வணக்கமாக வைத்துக்கொண்டோம். விரிப்பின் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்து, ஒன்று சேர்த்து, எதிரே நிற்பவளிடம் நீட்டுவது. இரண்டு பேராக மடிக்கும்போது அவள் கை நீட்டி அதை வாங்கிக்கொள்வாள்.

மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. நெட்டை முனகாமல் மூட்டை தூக்க ஆரம்பித்திருந்தாள். நான்காவது வாரம் கண்காணிப்பாளர் கக்கத்தில் கோப்போடு வந்து நின்றார்.

"சான்றிதழ் இல்லாம யார் இங்க கிளாஸ் நடத்தச் சொன்னது? கலைஞ்சு போங்க எல்லாரும்!"

யாரும் அசையவில்லை. என் காலும் நகரவில்லை. நெட்டைதான் முதலில் திரும்பினாள். முதுகை நிமிர்த்தி, இல்லாத விரிப்பின் முனைகளைச் சேர்த்து, அவரைப் பார்த்து நீட்டினாள். பிறகு அங்கே நின்ற எல்லோரும் நீட்டினோம்.

கோப்பு கீழே விழுந்தது. அவர் இரண்டு கைகளும் முன்னால் வந்திருந்தன, முனையை வாங்கிக்கொள்ள விரல்கள் குவிந்திருந்தன. பன்னிரண்டு வருஷப் பழக்கம். யாருடைய கை இது என்பது போல மனிதர் தன் கைகளையே பார்த்தபடி நின்றார்.

குனிந்து கோப்பை எடுக்கப் போனவர் "அம்மா" என்று இடுப்பைப் பிடித்தார்.

"அப்படி இல்ல சார்," என்றேன். "மொதல்ல காலை நல்லா அகட்டி நில்லுங்க."