ரொட்டிக்குப் பின்னால்

யெசேனியாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் புருஷன் ஒக்டாவியோவிடம் வாங்கிய அடி போதும் என்று, பதினோரு மாதத்துக்கு முன்பு பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ஓடிவந்தவள் அவள். இந்த மவுண்டன் வியூ ரொட்டிக் கடையில் வேலை செய்வது பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. கடையில் யாராவது படம் எடுத்தால் நைசாகப் பின்னுக்கு நகர்ந்துவிடுவாள். முன்னால் இருப்பது தெளிவாக விழுந்தால் பின்னால் இருப்பது மங்கிப்போகும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த ஒக்டாவியோதான். அந்த மகராசனால் கிடைத்த ஒரே நன்மை அது.

தினமும் காப்பிக்கு வரும் வெண்டல் ஒரு புதுக் கேமரா கம்பெனியில் வேலை பார்த்தார். நரைத்த தலை, விளையாட்டுப் புத்தி. போன வாரம் அந்தக் கேமராவைக் கொண்டுவந்து, கல்லாமேசையில் ஒரு ரோஜா நிற இனிப்பு ரொட்டியை வைத்துக் குறிபார்த்தார். “நான் விழுவேனா?” என்று கேட்டாள். “நீ வெறும் புகை மாதிரிதாம்மா விழுவ” என்றார். நம்பி நின்றாள்.

இன்று மத்தியானம் லேப்டாப்போடு வந்தார்.

“உன் ரொட்டி பெரிய ஆளாயிடுச்சு. எங்க கம்பெனி வெப்சைட்ல முதல் படமே அதுதான். எடுத்து முடிச்சப்புறம்கூட எந்த இடம் வேணுமோ அதத் தெளிவாக்கிக்கலாம். இங்க பாரு.”

ரொட்டிக்குப் பின்னால் இருந்த மங்கலை விரலால் தட்டினார். ரொட்டி கரைந்தது. யெசேனியா வந்து நின்றாள், புருவத்துத் தழும்பு உட்பட.

“என்னம்மா, பேயப் பாத்த மாதிரி நிக்கற? அழகாத்தான இருக்க.”

“இத யாரெல்லாம் தட்டலாம்?”

“யாரு வேணும்னாலும். கடைசியா ஒருத்தர் எங்க தட்டினாரோ, அடுத்தவருக்கு அப்படியே திறக்கும். அது என் யோசனையாக்கும்.”

புதுக் கேமரா என்று காதில் விழுந்தால் தட்டில் இருக்கும் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து போகிறவன் ஒக்டாவியோ. இதைப் பார்க்காமல் இருப்பானா?

“இத எடுத்துடச் சொல்லுங்க. என் புருஷன் கண்ணுல பட்டா என்னக் கொன்னுடுவான்.”

வெண்டல் சிரிக்க வாயெடுத்தார். அவள் தழும்பைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டார். “பத்து நிமிஷம், தூக்கிடுவாங்க.”

அதுவரை சும்மா இருக்க முடியுமா? தன் விரலாலேயே ரொட்டியைத் தட்டினாள். பின்னால் இருந்தவள் மறுபடி புகையானாள். கொஞ்சம் மூச்சு வந்தது. யாருக்கோ ரொட்டி கட்டிக்கொடுத்தாள். எத்தனை போட்டோம் என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் இருபது ஆனது. பக்கத்தை மறுபடி திறந்தாள்.

ரொட்டி மங்கலாக இருந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

“அட, நல்லா பாரு” என்றார் வெண்டல். “உன் மூஞ்சியும்தான் மங்கலா இருக்கு. உன்ன யாரும் தட்டல. சும்மா பயப்படாத.”

அவள் மூஞ்சியைப் பார்க்கவில்லை. அதற்கும் பின்னால், சுவரில், கடைக்காரர் வருஷப் பிறப்புக்கு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் தொங்கியது. கடைப் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர். சிவப்பில் கொட்டை எழுத்து, ஒவ்வொன்றும் பளிச்சென்று. ரொட்டிக் கடைக் காலண்டர் உலகத்தில் யாருக்கு வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத் திரை வெளுத்தது. “தூக்கிட்டாங்க, தூக்கிட்டாங்க” என்று வெண்டல் மேசையைத் தட்டினார்.

யெசேனியா ஏப்ரனை அவிழ்த்தாள்.

“அவன் படிச்சிட்டான். அங்கேருந்து கார்ல இங்க வர நாலு மணி நேரம் ஆகும். என்னப் பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க.”